விகடகவியை அறியாத கணினி

(மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்)

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் எங்கள் கொல்லிமலையில் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. அதே மாதத்தில் ‘பைத்தான்’ என்னும் நிரலாக்க மொழியின் புதிய பதிப்பும் இறங்குகிறது. மழை வந்தால் எது முளைக்கும், எது அழுகும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். புதிய பதிப்பு வந்தால் நாமும் அப்படிக் கணக்குப் பார்க்கிறோமா? இல்லை என்பதே என் எண்ணம். புதிய வசதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், அத்துடன் மறந்துவிடுகிறோம். ‘இந்தப் புதுமை எனக்கு, என் மொழிக்கு, என் ஊருக்கு என்ன செய்தது?’ என்ற கேள்வியை மட்டும் கேட்பதில்லை. அதைக் கேட்கவே இக்கட்டுரை.

2025 அக்டோபரில் வெளிவந்த பதிப்பின் எண் 3.14. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணும் இப்படியே தொடங்குவதால் எங்கள் வகுப்பில் ஒரே உற்சாகம். அப்பதிப்பின் புதிய கூறுகளை ஒரு தாளில் எழுதிக் கணினி ஆய்வகக் கதவில் ஒட்டினோம். ஒரு நிரலின் பல இழைகள் உண்மையாகவே ஒரே நேரத்தில் ஓட வழி செய்யும் அமைப்புக்கு முழு அங்கீகாரம், வார்ப்புருச் சரங்கள் என்ற புதுவகைச் சரம், இன்னும் பல. எழுதியவன் நான்தான். அவற்றுள் பாதி எனக்கே அப்போது விளங்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தாள் ஒட்டிய அன்று மாலை முதலாண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். அவனும் கொல்லிமலைக்காரன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளிக்கு இறங்கி வந்து படிப்பவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. அன்று அவர்களுக்கு ஆய்வகத்தில் தந்த பயிற்சி, எல்லாக் கல்லூரிகளிலும் தரப்படும் பழைய பயிற்சிதான்: முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத சொல்லைக் கண்டறியும் நிரல். ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டு, திருப்பியதும் மூலமும் ஒன்றா என்று பார்த்தால் போதும். பைத்தானில் அது ஒரே வரி.

அவன் ஆங்கிலத்தில் ‘மேடம்’ என்று இட்டான். ‘ஆம்’ என்றது கணினி. தமிழ் வகுப்பில் படித்த நினைவில் ‘விகடகவி’ என்று இட்டான். ‘இல்லை’ என்றது. ‘குடகு’ என்று இட்டான். அதற்கும் ‘இல்லை’.

“அண்ணா, எங்க தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்தது தப்பா, இந்தப் பெட்டி சொல்றது தப்பா?” என்று கேட்டான்.

அவன் கேட்டது விளையாட்டாக அன்று. தன் நிரலில்தான் பிழை என்று எண்ணி அரைமணி நேரம் அதைத் திருத்தித் திருத்திப் பார்த்திருக்கிறான். பிறகு தன் தமிழ்த் தட்டச்சில் பிழை என்று எண்ணியிருக்கிறான். கடைசியில் தமிழிலேயே பிழையோ என்ற இடத்துக்கு வந்து நின்றான். அந்த மூன்றாவது ஐயம் என்னை உறுத்தியது.

பைத்தான் என்றதும் மலைப்பாம்பு என்று நாம் எண்ணுகிறோம். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1991-இல் இம்மொழியை வெளியிட்டபோது, ‘மான்டி பைத்தான்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவை நினைத்தே அப்பெயரை இட்டார். நகைச்சுவையாளர் பெயரைத் தாங்கிய மொழி நம் விகடகவியை அடையாளம் காணவில்லை என்பது ஒரு விகடமே. ஆனால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடியதன்று.

ஐந்தா, ஒன்பதா, இருபத்தேழா?

‘கொல்லிமலை’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? கொ, ல், லி, ம, லை. ஐந்து. இதை இரண்டாம் வகுப்புக் குழந்தை விரல்விட்டு எண்ணிவிடும்.

பைத்தானின் இரண்டாம் தலைமுறைப் பதிப்புகளில் இச்சொல்லைச் சாதாரணச் சரமாகக் கொடுத்து நீளம் கேட்டால், 27 என்று விடை வரும். அது எண்ணியது எழுத்துகளை அன்று. நினைவகத்தில் அச்சொல் பிடித்துக்கொண்ட பைட்டுகளை. 2000-ஆம் ஆண்டில் வந்த 2.0 பதிப்பிலேயே யூனிகோடு சரம் என்ற தனிவகை உண்டு. ஆனால் அதை வேண்டுமென்று கேட்டுப் பெற வேண்டும். கேட்கத் தெரியாதவனுக்கு 27-தான்.

2008 டிசம்பர் 3 அன்று 3.0 பதிப்பு வெளிவந்தது. எல்லாச் சரங்களும் இயல்பாகவே யூனிகோடு சரங்கள் ஆயின. இப்போது அதே கேள்விக்கு விடை 9. அன்று முதல் இன்றைய 3.14 வரை விடை 9-தான்.

27-லிருந்து 9-க்கு வந்தது பெரிய பயணம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 9-லிருந்து 5-க்கு இன்னும் வந்து சேரவில்லை. மலைப்பாதையில் ஏறிய பேருந்து பாதி வளைவுகளைத் தாண்டியபின் நின்றுவிட்டதைப் போல இருக்கிறது.

மெய்யும் உயிரும்

ஒன்பது எப்படி வந்தது என்பதைத் தமிழ்த்துறை நண்பர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் பொதுத் தரமே யூனிகோடு. அதன் முதற்பதிப்பு வெளிவந்த 1991-இலேயே தமிழும் அதில் இடம்பெற்றது. ஆயினும் நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடைக்கவில்லை. உயிரெழுத்துகளுக்கும், அகரம் ஏறிய மெய்களுக்கும், ஆய்தத்துக்கும் எண்கள் தரப்பட்டன. கால், கொம்பு, கொக்கி, புள்ளி ஆகிய குறிகளுக்கு வேறு எண்கள் தரப்பட்டன. எனவே ‘ம’ என்பது ஓர் எண். ‘லி’ என்பது ‘ல’வும் கொக்கியுமாக இரண்டு எண்கள். ‘ல்’ என்பதும் ‘ல’வும் புள்ளியுமாக இரண்டு எண்கள். இப்படிக் கூட்டினால் ஒன்பது.

இதில் நம் இலக்கணத்துக்கு நேர்மாறான ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். மெய்யின்மேல் உயிர் ஏறி உயிர்மெய் பிறக்கிறது என்பது நாம் கற்றது. க் என்பதும் அ என்பதும் சேர்ந்து க. கணினியிலோ ‘க’ அடிப்படை. அதன் அகரத்தைப் புள்ளியால் கழித்தால் ‘க்’. தனிமெய்க்கு இரண்டு இடம், உயிர்மெய்க்கு ஓர் இடம்! இந்த ஏற்பாட்டின் குறைகளைத் தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் பல ஆண்டுகள் விவாதித்தனர். எழுத்துக்கு ஓர் எண் தரும் ‘டேஸ்-16’ என்ற முறையும் அதன் விளைவே. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு, டேஸ்-16 இரண்டையும் தரமாக ஏற்றது. ஆனால் உலகப் பயன்பாட்டில் நிலைத்தது யூனிகோடுதான். அதை இனி மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டியதில்லை. உள்ளே எப்படிச் சேமித்தாலும், எண்ணும்போது எழுத்தாக எண்ணினால் போதும்.

இனி விகடகவிக்கு வருவோம். அதில் ஐந்து எழுத்துகள். கணினிக்கு ஏழு உறுப்புகள். கணினி எழுத்தைத் திருப்பவில்லை, உறுப்பைத் திருப்புகிறது. கடைசி ‘வி’யில் இருந்த கொக்கி முதலில் வந்து துணையின்றித் தொங்குகிறது. அதன்பின் ‘வகடகிவ’ என்று ஏதோ ஒன்று வருகிறது. தலைகீழாகப் பிடித்து உலுக்கியதில் அணிகலன்கள் இடம் மாறி விழுந்த கதை இது. இச்சொல்லழகை நாம் ‘மாலைமாற்று’ என்று பெயரிட்டு வளர்த்திருக்கிறோம். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையுமே அவ்வமைப்பில் பாடியிருக்கிறார். ஏறத்தாழ பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் நம் மொழியில் செய்து காட்டப்பட்டதை நம் ஆய்வகப் பயிற்சி ‘இல்லை’ என்று மறுக்கிறது.

விதைப் பட்டியல்

‘இதெல்லாம் சொல் விளையாட்டு, வாழ்க்கைக்கு என்ன பயன்?’ என்று சிலர் கேட்கலாம். என் வீட்டிலிருந்தே விடை சொல்கிறேன்.

கொல்லிமலையில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் மலைச்சரிவெங்கும் விளைந்தன. மரவள்ளி வந்தது, ஆலைக்கு விற்றால் கையில் காசு வந்தது. சிறுதானிய நிலம் சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து எங்கள் மலையில் பணியாற்றி, ஊர்மக்களோடு சேர்ந்து விதை வங்கிகளை அமைத்தது. சாமை என்று ஒரே பெயரில் நீங்கள் சொல்வதில் கட்டவெட்டி, வெள்ளப் பெருஞ்சாமை என்று எங்களுக்குப் பல உண்டு. தினையிலும் செந்தினை, பெருந்தினை என்று உண்டு. புதியது வந்ததென்று பழைய விதையைத் தொலைத்துவிட்டால் மறுபடி அதைச் செய்ய முடியாது என்பதை எங்கள் பெண்கள் நன்கு அறிவார்கள்.

என் அம்மா இருக்கும் மகளிர் குழுவில் யாரிடம் என்ன விதை இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கணினியில் ஏற்றி அகர வரிசையில் அச்சிட்டுத் தருவதாகச் சென்ற விடுமுறையில் சொன்னேன். பைத்தானில் வரிசைப்படுத்த ஒரே சொல் போதும். அச்சிட்டும் கொடுத்தேன். அம்மா விரலால் வரிசையைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஏம்பா, தினை முன்னாடி வந்து திப்பிலி பின்னாடி வந்திருக்கு? பகரத்துக்கு அப்புறம்தானே றன்னகரம்?” என்று கேட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். நான் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவன்.

அவர் கேட்டது சரி. நம் நெடுங்கணக்கில் ‘ன’ கடைசி எழுத்து. யூனிகோடு வரிசையில் அது ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவில் அமர்ந்திருக்கிறது. ‘ற’வும் அவ்வாறே ‘ல’வுக்கு முன் வந்துவிடுகிறது. புள்ளிக்கு எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிந்திய எண் தரப்பட்டிருப்பதால், அகராதியில் முன்னே வர வேண்டிய ‘அக்கா’, ‘அகம்’ என்பதற்குப் பின்னே போய்விடுகிறது. பைத்தான் எண்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறது. நெடுங்கணக்கு அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. ஓர் இணைய விண்ணப்பத்தில் பெயர் இத்தனை எழுத்துகளுக்கு மிகக்கூடாது என்று இருந்தது. விரல்விட்டு எண்ணினால் அப்பாவின் பெயர் அந்த அளவுக்குள் அடங்கியது. படிவமோ குறிகளையும் சேர்த்து எண்ணியது. கடைசிப் புள்ளியை வெட்டிவிட்டு அச்சிட்டது. ‘ன்’ என்று முடிய வேண்டிய பெயர் ‘ன’ என்று முடிந்தது. வேறு சான்றுகளோடு பெயர் பொருந்தவில்லை என்று அப்பா இரண்டு முறை மலையிலிருந்து இறங்கி வர வேண்டியதாயிற்று. ஒரு புள்ளிக்காக இரண்டு நாள் கூலி போயிற்று. இது சொல் விளையாட்டா?

புதியவை தந்த நன்மை

குறை மட்டும் சொல்பவன் என்று என்னை எண்ண வேண்டாம். புதிய பதிப்புகள் தந்த நன்மைகள் பல; அவற்றுள் எனக்கு உண்மையிலேயே பயன்பட்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 3131 என்ற எண் கொண்ட முன்மொழிவு. அதன் பயனாக 3.0 பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். ‘எடை’, ‘விலை’ என்று பெயரிட்டு, இரண்டையும் பெருக்கி ‘தொகை’ என்று வைத்தால், பைத்தான் தயங்காமல் கணக்கிடுகிறது. மிளகு மூட்டைக்குக் கணக்குப் போடும் நிரலை நான் அப்படித்தான் எழுதினேன். நம் பழைய தமிழ் எண்ணுருக்களில் ௭௦ என்று ஒரு சரத்தைக் கொடுத்து எண்ணாக மாற்றச் சொன்னாலும் 70 என்று சரியாகப் படிக்கிறது. எங்கள் மலைப்பாதை வளைவுகளின் எண்ணிக்கையைத் தமிழில் வாசிக்கத் தெரிந்த கணினி என்று மகிழ்ந்தேன்.

இரண்டாவது, 2021-இல் வந்த 3.10. அதற்குமுன் அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தால், தொடர்பே இல்லாத வேறொரு வரியைக் காட்டிப் பிழை என்று சொல்லும். 3.10 முதல், ‘இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை’ என்று அக்குறியையே சுட்டிக் காட்டுகிறது. ஒரு பெயரைத் தவறாக எழுதினால், ‘இதைத்தான் நினைத்தீர்களா?’ என்று சரியான பெயரை எடுத்துக் கொடுக்கிறது. 2022-இல் வந்த 3.11, தன் முந்திய பதிப்பைவிடச் சராசரியாக 1.25 மடங்கு வேகமானது. எல்லோரும் வேகத்தைத்தான் புகழ்ந்தார்கள். என்னைக் கேட்டால், அடைப்புக்குறியைச் சுட்டிய அந்த ஒரு விரலே பெரிய முன்னேற்றம் என்பேன். வேகம், வேலை தெரிந்தவனுக்கு உதவுகிறது. தெளிவான பிழைச்செய்தி, தட்டுத்தடுமாறிக் கற்பவனுக்கு உதவுகிறது. நம் கல்லூரியில் யார் மிகுதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு புதிய பதிப்பை அளக்க என் அளவுகோல் இதுதான்: கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனின் ஐயத்தை அது தீர்க்கிறதா?

இரண்டு மறுப்புகள்

‘கணினி மொழியே ஆங்கிலம்தானே, தமிழ் எதற்கு?’ என்பர் சிலர். நிரலை ஆங்கிலத்தில் எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. உலகோடு பகிர்ந்துகொள்ள அது வேண்டும். நான் கேட்பது, நிரல் கையாளும் தரவு தமிழாக இருக்கும்போது அதைத் தமிழாக நடத்த வேண்டும் என்பதே. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் விதைப்பெயரும் தமிழில்தான் இருக்கின்றன.

‘மொழியின் வேலை அன்று, அதற்கென்று நிரலகங்கள் உள்ளன’ என்பர் வேறு சிலர். இது நியாயமான மறுப்பு. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ‘ஓபன்-தமிழ்’ என்ற கட்டற்ற நிரலகம், கொல்லிமலையைக் கொடுத்தால் ஐந்து எழுத்துகளாகப் பிரித்துக் கையில் தந்துவிடுகிறது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் ‘எழில்’ மொழியைப் படைத்தவரும் அவரே. அது பைத்தான்மீது கட்டப்பட்டது. ஆனால் நிரலகம் இருக்கிறது என்று யார் அந்த முதலாண்டு மாணவனுக்குச் சொன்னார்கள்? இயல்பாகக் கிடைப்பதற்கும் தேடிப் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை 27-ஐயும் 9-ஐயும் கண்ட நாம் அறிவோம். 2014-இல் அறிமுகமான ‘ஸ்விஃப்ட்’ என்ற மொழி, கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஓர் எழுத்தாகவே எண்ணுகிறது. அதில் கொல்லிமலைக்கு ஐந்துதான். ஆகவே முடியாத செயல் அன்று. எதை இயல்பாக வைப்பது என்ற தேர்வுதான்.

செய்ய வேண்டுவன

நம் கல்லூரி அளவில் மூன்று செய்யலாம் என்பது என் கருத்து.

ஒன்று, ஆய்வகக் கணினிகளில் ஆதரவு முடிந்துபோன பதிப்புகளை வைத்திருக்கலாகாது. பைத்தானின் இரண்டாம் தலைமுறைக்கு 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு நின்றுவிட்டது. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆயுள் என்பதும் அறிவிக்கப்பட்ட ஒன்றே. வகுப்புக்கு வகுப்பு கணினிகள் வேறுபட்டாலும், குறைந்தது பிழையைச் சுட்டிக்காட்டும் பதிப்பேனும் கற்பவன் கையில் இருக்கட்டும்.

இரண்டு, ஆய்வகப் பயிற்சிகளில் தமிழ்ச் சொற்களும் இடம்பெறட்டும். ஆங்கிலச் சொல்லை மட்டும் கொடுத்துச் சோதித்தால், நிரல் சரியென்றே தோன்றும். விகடகவியைக் கொடுத்தால்தான் அதன் உண்மை வெளிப்படும். தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரே கட்டடத்தில், ஒரு மாடிப்படி இடைவெளியில் இருக்கின்றன. நெடுங்கணக்கைத் தமிழ்ப் பேராசிரியர் விளக்க, வரிசைப்படுத்தும் நிரலை நாங்கள் எழுத, இரு துறையும் சேர்ந்து ஒரு பயிற்சி ஏடு செய்யலாகாதா?

மூன்று, நாமும் பேச வேண்டும். பைத்தானின் புதிய கூறுகள் வானத்திலிருந்து விழுவன அல்ல. யார் வேண்டுமானாலும் கருத்தை முன்வைக்கலாம். விவாதம் திறந்த வெளியில் நடக்கிறது. பிழையைக் கண்டவர் பிழை என்று எழுதி அனுப்பலாம். இம்மொழியைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே தமிழில் படித்துவிட்டு வரும் மாணவர்கள் நம் மாநிலத்தில் ஏராளம். இத்தனை பேர் பயன்படுத்தும் மொழியில் நம் எழுத்து எண்ணப்படும் முறையைப் பற்றி நாம் வாய் திறக்காவிட்டால், வேறு யார் திறப்பார்கள்?

அன்று மாலை என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். நானும் அந்தத் தம்பியும் ஆய்வகம் பூட்டும்வரை அமர்ந்தோம். ஒவ்வோர் உறுப்பாக எடுத்து, அது குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் முன்னே நிற்கும் எழுத்தோடு ஒட்ட வேண்டும். இல்லையேல் அது புதிய எழுத்து. இவ்வளவுதான் வழி. பத்து வரிகளில் முடிந்தது. விகடகவியைக் கொடுத்தோம். ‘ஆம்’ என்றது. குடகைக் கொடுத்தோம். ‘ஆம்’ என்றது. கொல்லிமலையைக் கொடுத்து நீளம் கேட்டோம். ஐந்து என்றது.

“அப்ப எங்க ஐயா சொன்னதுதான் சரி” என்றான் அவன்.

கதவில் ஒட்டியிருந்த புதிய கூறுகளின் பட்டியலுக்குக் கீழே அந்தப் பத்து வரிகளையும் அவன் கையாலேயே எழுதி ஒட்டச் சொன்னேன். அது எந்தப் பதிப்பிலும் வந்த வசதி அன்று. நம் கல்லூரியில் வந்தது. மலைக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க அவன் ஓடிய பிறகும் நான் சற்று நேரம் அங்கேயே நின்று இரண்டையும் படித்தேன். முதலில் ஒட்டியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. இரண்டாவதாக ஒட்டியது முழுவதும் விளங்கியது.